பேசாத படத்துக்குக் கதை சொல்வது: ‘சன்ரைஸ்’ படத்தைக் கடற்கரையில் திரையிடுவோருக்கு

ஊமைப்படம் காட்டப் போகிறோம் என்று முடிவானதும் எல்லோரும் புரொஜெக்டருக்குத்தான் அலைவார்கள். அது ராமநாதபுரத்திலோ பரமக்குடியிலோ கல்யாண வீடியோ எடுப்பவர்களிடம் ஒரு நாள் வாடகைக்குக் கிடைத்துவிடும். எளிதில் கிடைக்காதவர், படம் ஓடும்போது திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்லத் தெரிந்த ஆள்தான். இந்த மாவட்டத்துக் கடற்கரை ஊர்களில் மூன்று முறை நான் அந்த வேலையைச் செய்திருக்கிறேன். அதில் ஒரு முறை நானே படத்தைக் கெடுத்தும் இருக்கிறேன். இனி செய்யப்போகிறவர்களுக்கு உதவும் என்பதால், பட்டறிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஊமைப்படம் எந்தக் காலத்திலும் ஊமையாக ஓடியதில்லை. திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து கருவியையும் படச்சுருள்களையும் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டத் தொடங்கிய நாள்முதல், 1931இல் ‘காளிதாஸ்’ பேசும்வரை, தமிழ்நாட்டில் படம் என்றால் கூடவே வாத்தியமும் ஒரு மனிதக் குரலும் இருந்தன. காட்சிகளுக்கு நடுவே திரையில் வரும் எழுத்து அட்டைகளை உரக்கப் படித்துச் சொல்லி, பாத்திரங்களுக்காகப் பேசி, சண்டைக்குச் சத்தம் கொடுத்து ஒருவர் நின்றுகொண்டிருப்பார். ஜப்பானில் இதே வேலையைச் செய்த ‘பென்ஷி’கள் நடிகர்களுக்கு இணையான புகழ் பெற்றிருந்தார்கள். நம் பக்கத்தில் அந்தக் குரல்கள் மட்டுமல்ல, படங்களும் போய்விட்டன. நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ உட்பட அவருடைய மௌனப் படங்களில் ஒன்றுகூட இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. ஆகையால் ஊரில் ஒரு மௌனக் காதல் கதையைக் காட்ட வேண்டுமென்றால் வெளிநாட்டுப் படத்தைத்தான் இரவல் வாங்க வேண்டியிருக்கிறது.

எந்தப் படம் என்று கேட்டால், இந்தக் கரைக்கு நான் தயங்காமல் சொல்வது 1927இல் ஜெர்மன் இயக்குநர் எஃப். டபிள்யூ. முர்னாவ் அமெரிக்காவில் ஃபாக்ஸ் நிறுவனத்துக்காக எடுத்த ‘சன்ரைஸ்’. ஏரிக்கரைக் கிராமத்தில் இருக்கும் ஓர் இளம் குடும்பத்தலைவன் பட்டணத்திலிருந்து வந்து தங்கியிருக்கும் ஒருத்தியின் மயக்கத்தில் விழுகிறான். மனைவியைப் படகில் கூட்டிப்போய் நீரில் தள்ளிவிட்டு, விபத்து என்று சொல்லிவிடும்படி அவள் யோசனை சொல்கிறாள். அவன் கூட்டிப்போகிறான், கடைசிக் கணத்தில் கை வரவில்லை. அதற்குப் பின் அக்கரைப் பட்டணத்தில் ஒரு பகல் முழுவதும் அவர்கள் மறுபடியும் புருஷன் பெண்டாட்டி ஆவதும், திரும்பும் வழியில் நிஜமாகவே புயல் வந்து படகைக் கவிழ்ப்பதும்தான் கதை. முதலாவது ஆஸ்கர் விருதுகளில் ஒளிப்பதிவுக்காகச் சார்லஸ் ரோஷரும் கார்ல் ஸ்ட்ரஸும் பரிசு பெற்ற படம் இது. மனைவியாக வரும் ஜேனட் கேனருக்கு இதையும் சேர்த்து மூன்று படங்களுக்காகச் சிறந்த நடிகை விருது கிடைத்தது. வலையும் படகும் காற்றும் தெரிந்தவர்கள் கூடும் இடத்தில் இந்தக் கதைக்கு முன்னுரை தேவையில்லை. ஆனால் அதே காரணத்தால் இதைக் காட்டுவதில் கவனமும் கூடுதலாக வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

உரிமை பற்றி ஒரு வார்த்தை. இந்தியச் சட்டப்படி திரைப்படத்துக்குக் காப்புரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்து 60 ஆண்டுகள். ஆகவே படத்துக்குத் தடை இல்லை. பிற்காலத்தில் யாரேனும் புதிதாக இசை சேர்த்து வெளியிட்ட பதிப்பாக இருந்தால் அந்த இசைக்கு உரிமை தனியாக உண்டு. நாமே வாத்தியம் வைத்துக்கொண்டு ஒலியை அணைத்துவிட்டால் அந்தச் சிக்கலே எழாது. இந்தப் படத்தின் மூல நெகட்டிவ் 1937இல் ஃபாக்ஸ் கிடங்கில் ஏற்பட்ட தீயில் அழிந்துவிட்டது. இன்று கிடைப்பவை எஞ்சிய பிரதிகளிலிருந்து எடுக்கப்பட்டவை. அவற்றில் இரண்டு உண்டு: இசையும் ஓசைகளும் படச்சுருளிலேயே பதிவாகி, சுமார் 95 நிமிடம் ஓடும் மூவிடோன் பதிப்பு ஒன்று, செக் நாட்டில் கிடைத்த, அதைவிடக் குறுகிய பதிப்பு மற்றொன்று. முன்னதையே எடுத்துக்கொள்ளுங்கள். பின்னதில் படம் சில இடங்களில் தெளிவாக இருந்தாலும், கதை சொல்பவருக்கு மூச்சுவிட நேரம் தருவது நீளமான பதிப்புதான்.

நாள் குறிப்பதைக் காலண்டரை மட்டும் பார்த்துச் செய்யக்கூடாது. விசைப்படகு போகும் நாளும் நாட்டுப்படகு போகும் நாளும் மாறி மாறி வரும் கரையில், எந்த நாளில் யார் வீட்டில் இருப்பார்கள் என்பதை ஊர்த் தலைவரிடம் கேட்டுத்தான் சொல்ல முடியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள். அந்தக் காலத்தின் முற்பகுதி நல்லது. மே மாதம் ஏற ஏறத் தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வலுத்து, தென்கடல் (மன்னார் வளைகுடா) கரையில் மணல் முகத்தில் அடிக்கத் தொடங்கிவிடும். அப்போது காட்டுவதாக இருந்தால் வடகடல் (பாக் நீரிணை) பக்கம், வீடுகளின் மறைவில் இடம் பாருங்கள். வாடைக்காலத்தில் இதற்கு நேர்மாறு. பௌர்ணமியை ஒட்டிய நாட்கள் வேண்டாம். திறந்தவெளியில் நிலவொளி கறுப்பை எல்லாம் சாம்பலாக்கிவிடும், இந்தப் படமோ பாதிக்கு மேல் இருட்டிலேயே நடக்கிறது. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது விதி. மாலைத் தொழுகையும் கோயில் மணியும் முடிந்து 7.30க்குத் தொடங்கினால், முன்னுரைக்குப் பத்து நிமிடம் போக, 9.15க்குள் முடிந்துவிடும்.

கவனம் என்று மேலே சொன்னேனே, அது இதுதான். படத்தின் கடைசிப் பகுதியில், கவிழ்ந்த படகிலிருந்து கரை சேர்ந்தவன், ஊர்க்காரர்கள் லாந்தர் விளக்குகளோடு தோணிகளில் தேட, மனைவியைக் கூவிக் கூவி அழைக்கிறான். கடலுக்குப் போனவர் திரும்பாத வீடு இல்லாத தெரு இந்தக் கரையில் குறைவு. தனுஷ்கோடியைப் புயல் அழித்த 1964 டிசம்பர் 22 இரவைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆகவே படத்தில் புயலும், நீரில் தேடுவதும் உண்டு என்பதை முதல் நாளே ஊரில் சொல்லிவிடுங்கள். படம் தொடங்குமுன் ஒலிபெருக்கியிலும் ஒரு முறை சொல்லுங்கள். முடிவு நல்லபடியாக இருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடலாம்; கதையின் சுவை அதனால் குறையாது. அண்மையில் படகு காணாமல் போன ஊராக இருந்தால் அந்த ஆண்டு இந்தப் படம் வேண்டாம். இது என் தீர்மானம். இதில் விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை.

திரைக்குக் கதர் வேட்டிகளை இணைத்துத் தைத்தாலும் போதும். சவுக்குக் கம்புகள் இரண்டை நட்டு, நான்கு முனைகளில் மட்டும் கட்டினால் துணி பாய்மரம்போல் காற்றை வாங்கிக்கொண்டு உப்பும். முகங்கள் மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கும். ஓரம் முழுவதும் முழத்துக்கு ஒரு துளை வைத்து, வலை கட்டும் நைலான் கயிற்றால் சட்டத்தில் வரிந்து கட்ட வேண்டும். இதை எப்படிச் செய்வதென்று உங்களுக்குத் தெரியாவிட்டால் கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் யாரையும் கூப்பிடுங்கள். கால் மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள், முடிச்சும் அவிழாது.

அளவு முக்கியம். மூவிடோன் பதிப்பில் ஒலிக்கீற்று படச்சுருளின் ஓரத்தில் இடம் பிடித்துக்கொண்டதால் படம் ஏறக்குறையச் சதுரமாக, உயரம் 1 என்றால் அகலம் 1.2 என்ற விகிதத்தில் இருக்கும். திரையில் 8 அடி உயரம் கிடைத்தால் படத்தின் அகலம் சுமார் 9 அடி 7 அங்குலம். ஆனால் இன்றைய புரொஜெக்டர் இரு பக்கமும் கறுப்பு விட்டுத்தான் அதைக் காட்டும். கருவியின் முழுச் சட்டம் 14 அடிக்குச் சற்று மேல் அகலமாகும் தொலைவில் அதை வைத்தால்தான் உங்களுக்கு அந்த 8 அடி உயரம் வரும். வாடகைக்குக் கிடைக்கும் பல கருவிகளுக்குச் சட்ட அகலத்தின் ஒன்றரை மடங்கு தூரம் தேவை. அதாவது திரையிலிருந்து 21 அடி. நான் செய்த முதல் திரையிடலில் இந்தக் கணக்கைப் போடவில்லை. கருவியை இயக்கிய தம்பி, பக்கத்துக் கறுப்புப் பட்டையைப் பார்த்துவிட்டுக் குறை என்று நினைத்துப் படத்தைத் திரை முழுக்க இழுத்துவிட்டான். முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், “என்னப்பா, வெள்ளக்காரங்க எல்லாருக்கும் நீர் கோத்துருக்கா?” என்று கேட்டபிறகுதான் கவனித்தேன். பட்டை இருக்கட்டும், இழுக்காதீர்கள். ஜெனரேட்டரைக் காற்று போகும் திசையில், ஒரு வீட்டுச் சுவருக்கு அப்பால், நீளக் கம்பி இழுத்து வையுங்கள்.

இனிக் கதை சொல்வதற்கு வருவோம். படத்தைக் குறைந்தது நான்கு முறை ஒலி இல்லாமல் பார்த்து, எந்த நிமிடத்தில் எந்த எழுத்து அட்டை வருகிறது என்று நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். அட்டைகள் முன்பாதியில்தான் அதிகம். பின்பாதியில் மிகவும் அருகிவிடுகின்றன. ஆகவே மொழிபெயர்க்க வேண்டிய வரிகள் கொஞ்சம்தான், அதனால் ஒவ்வொன்றிலும் நேரம் செலவழிக்கலாம். பாத்திரங்களுக்குப் பெயர் இல்லை: அவன், அவன் மனைவி, பட்டணத்திலிருந்து வந்தவள், அவ்வளவுதான். பெயர் வைக்க ஆசை வரும், வைக்காதீர்கள். ஊரில் அந்தப் பெயருள்ளவர் ஒருவர் கூட்டத்தில் இருந்தே தீருவார். நான் ‘அவன்’, ‘வீட்டுக்காரி’, ‘பட்டணத்துக்காரி’ என்று சொல்லத் தொடங்கினேன், கால் மணிக்குள் கூட்டமே பட்டணத்துக்காரியை அப்படியே குறிப்பிடத் தொடங்கிவிட்டது.

‘ஏரி’ என்ற சொல்லும் தொல்லை தரும். நம் மாவட்டத்தில் நீர் தேங்குவது கண்மாய். நான் ஏரி என்று சொன்னதைக் கண்மாய் என்று புரிந்துகொண்ட ஒரு பையன் புயல் காட்சியில் எழுந்து, “கண்மாயில இம்புட்டு அலையா?” என்றான், எல்லோரும் சிரித்தார்கள், புயல் போய்விட்டது. தொடக்கத்திலேயே, இது அக்கரை மங்கலாகத் தெரியும் அளவுக்கு அகன்ற நன்னீர்ப் பரப்பு, அக்கரையில் டிராம் ஓடும் பட்டணம் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். (வேடிக்கை என்னவென்றால் பையன் சொன்னது முழுக்கத் தவறும் அல்ல. கலிஃபோர்னியாவில் நீர்க்காட்சிகளை எடுத்த ஆரோஹெட் ஏரி, அணை கட்டித் தேக்கியதுதான்.)

சதுப்பு நிலத்தில் நிலவொளியில் பட்டணத்துக்காரி அவனிடம் கேட்கும் கேள்வியே படத்தின் திருகாணி. அவள் ‘கொன்றுவிடு’ என்று சொல்வதில்லை. அவன் மனைவி நீரில் மூழ்கிப்போகக் கூடாதா என்று, நடக்கக்கூடிய ஒன்றைப்போலக் கேட்கிறாள். திரையில் அந்த எழுத்துகளே மூழ்குவதுபோல் கீழே வழிந்து இறங்குகின்றன. இதைத் தமிழாக்க நான் மூன்று முறை முயன்றேன். ‘அவளை மூழ்கடித்துவிடேன்’ என்பது கட்டளை. அது வந்ததும் அவன் வெறும் கூலியாள் ஆகிவிடுகிறான். ‘கடலுக்குள் போய்விட்டால்’ என்று சொன்னால் நம் ஊரில் அது தொழிலுக்குப் போவதைக் குறிக்கும். கடைசியில், “அவ தண்ணிக்குள்ள விழுந்து போயிட்டா என்னவாம்?” என்று, ‘என்னவாம்’ என்பதைச் சற்று இழுத்துச் சொன்னேன். கூட்டத்தில் பெண்கள் இருந்த பக்கத்திலிருந்து ‘அடியே’ என்று ஒரு குரல் வந்தபோது சொல் சரியாக விழுந்தது தெரிந்தது. அதேபோல், கொலையிலிருந்து பின்வாங்கியபிறகு தன்னைக் கண்டு ஓடும் மனைவியின் பின்னால் அவன் சொல்லும் வரிக்கு, “என்னயக் கண்டு பயப்படாத புள்ள” போதும். ‘அன்பே’ என்று தொடங்கினால் நாடகமேடை வாசனை அடிக்கும்; படகில் துடுப்புப் போடுகிறவன் பேசுவதுபோல் இருக்காது.

எங்கே பேசக்கூடாது என்பதை நான் கற்றுக்கொண்டது படகுக் காட்சியில். அவர்கள் புறப்பட்டதும் வீட்டு நாய் சங்கிலியை அறுத்துக்கொண்டு நீந்தி வந்து படகில் ஏறுகிறது. அதைத் திருப்பிக் கரையில் விடுவதற்காகப் படகைத் திருப்புகிறார்கள். போன காரியத்துக்குப் பாதியில் திரும்பினால் ஆகாது என்பது நம் கூட்டத்துக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த இடத்தில் முணுமுணுப்பு தானாக எழும். பிறகு நடு நீரில் அவன் துடுப்பை விட்டு எழுந்து நிற்கிறான். வத்தையில் போய்ப் பழகியவர்களுக்கு, சிறிய படகில் காரணமில்லாமல் ஒருவன் நிமிர்ந்து நிற்பதே போதும். எந்த விளக்கத்தையும்விட முன்னதாக அவர்கள் பயந்துவிடுகிறார்கள். மனைவி பின்னால் சாய்ந்து, கைகளைக் கூப்பிக் கெஞ்சுகிறாள். அந்த முதல் திரையிடலில் நான் அங்கே அவளுக்காக உருக்கமாகப் பேசினேன். பிள்ளையைச் சொன்னேன், தாலியைச் சொன்னேன், நானே வியந்துகொண்டு பேசினேன். திரைக்கு மிக அருகில் உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டி திரும்பாமலேயே, “செத்த சும்மா இரு தம்பி, அந்தப் புள்ள மொகத்தப் பாக்கணும்” என்றார்.

அதன்பின் என் நோட்டில் அவன் எழுந்து நிற்பதிலிருந்து அக்கரையில் அவள் டிராமில் ஏறி உட்காரும்வரை ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது: ‘சும்மா’. எழுத்து அட்டை வந்தால் அதை மட்டும் தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். ஒலிபெருக்கியிலிருந்து வாயை அரை அடி விலக்கிக்கொள்ளுங்கள். இதே விதி தேவாலயக் காட்சிக்கும் பொருந்தும். வேறு யாருடைய கல்யாணத்தையோ பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கும் இவர்களில், பாதிரியார் மணமகனுக்குச் சொல்லும் பொறுப்புகளைக் கேட்டு அவன் உடைந்து மனைவி மடியில் முகம் புதைக்கிறான். பாதிரியார் சொல்வதை மட்டும் சொல்லுங்கள். அவன் அழுவதற்குக் குரல் கொடுக்க வேண்டாம்.

பட்டணக் காட்சிகளில் வாயைத் திறக்கலாம். முடிதிருத்தகம், போட்டோ ஸ்டூடியோ, பொருட்காட்சித் திடலில் தப்பித்து ஓடிச் சாராயம் குடித்துவிடும் பன்றிக்குட்டி எல்லாம் குழந்தைகளுக்கு உரிய பகுதி. கொஞ்சம் கிண்டல் கலந்து சொன்னால் அதுவரை இறுகியிருந்த கூட்டம் தளரும். அந்தத் தளர்ச்சி இல்லாமல் புயலுக்குள் போனால் புயல் எடுபடாது. இந்தப் பகுதி நீளம் என்று சிலர் குறைப்படுவார்கள், எனக்கும் நடனக் காட்சி கொஞ்சம் நீளமாகத்தான் படும். இருந்தாலும் வெட்டாதீர்கள்.

இசைக்கு, தேவாலயப் பாடற்குழுவில் கீபோர்டு வாசிப்பவர் ஒருவரும் தாளத்துக்கு ஒருவரும் போதும். நிகழ்ச்சிக்கு முன் இரண்டு மாலையாவது அவர்கள் படத்தைப் பார்க்க வேண்டும். சினிமாப் பாட்டின் மெட்டு எதுவும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; தெரிந்த மெட்டு வந்தால் கூட்டம் அதன் வரிகளைப் பாடத் தொடங்கிவிடும். வலை இழுக்கும் அம்பாப் பாட்டைப் படகுக் காட்சிக்குப் போடலாமே என்று உள்ளூர்க்காரர் யாராவது யோசனை சொல்வார்கள். அது பலர் சேர்ந்து மூச்சுப் பிடித்து உழைக்கும்போது பாடுவது. தனியாக ஒருவன் கொலை நினைப்போடு துடுப்புப் போடும் இடத்தில் அது ஒட்டாது. நிலவில் பாய் விரித்து இருவரும் வீடு திரும்பும் காட்சிக்கு மெல்லியதாக வைத்துக்கொள்ளலாம். மனைவியைத் தேடி அவன் கூவும் இடத்தில், 1927இல் படத்தோடு வந்த இசைப்பதிவில் மனிதக் குரல் கிடையாது. ஒரு கொம்பு வாத்தியம்தான் அவனுக்காகக் கூவும். நம்மிடம் கொம்பு வாசிப்பவர் இல்லையென்றால் சங்கு போதும். இறுதி ஊர்வலத்தில் ஊதுவதுபோல் நீட்டாமல், இரண்டு முறை, இடைவெளி விட்டு.

அந்தப் புயலில் கோரைக் கட்டு ஒன்று வருகிறது. பட்டணத்துக்காரி சதுப்பில் பறித்துக் கட்டிக் கொடுத்தது. மனைவியைத் தள்ளியபின் அவன் மட்டும் பிடித்துக்கொண்டு மிதப்பதற்காகப் படகில் மறைத்து வைத்தது. புயலில் அதை எடுத்து மனைவியின் மேல் கட்டுகிறான். வேறு ஊர்களில் இதை நான் வாய்விட்டு விளக்க வேண்டியிருந்தது. நம் கரையில், சதுப்பில் அவள் கோரையைக் கட்டும்போதே பின்னாலிருந்து ஒருவர், “மிதப்புக்குக் கட்டுறா” என்று சொல்லிவிட்டார். ஆகவே அந்தக் கட்டு முதலில் திரைக்கு வரும்போது நீங்கள் வாயை மூடிக்கொண்டு கூட்டத்தைக் கவனியுங்கள். யாரும் சொல்லவில்லை என்றால் மட்டும் சொல்லுங்கள். அது எதற்கு என்பது அப்போது புரியாமல் போனால், அவள் எப்படிப் பிழைத்தாள் என்பது கடைசியில் கண்கட்டு வித்தையாகத் தெரியும். இந்தப் படத்துக்கு அடிப்படையான, ஜெர்மன் எழுத்தாளர் ஹெர்மன் ஸூடர்மானின் கதையில் இறப்பது கணவன்தான் என்பதை யாராவது கேட்டால் பிறகு சொல்லலாம். படத்துக்கு முன் சொல்லி வைக்காதீர்கள்.

படம் முடிந்த உடனே விளக்கைப் போட வேண்டாம். அழுதவர்கள் முகத்தைத் துடைத்துக்கொள்ள ஒரு நிமிடம் இருட்டு வேண்டும். வாசிப்பவர் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு இருக்கட்டும். கூட்டம் கலைந்ததும், கருவியின் லென்ஸை உலர்ந்த துணியால் துடைக்கக் கூடாது, அதில் படிந்திருக்கும் உப்பு கீறிவிடும். காற்றடித்து மணலை ஊதிவிட்டு, லென்ஸ் துடைக்கும் திரவத்தை மெல்லிய துணியில் நனைத்து ஒற்றி எடுங்கள். திரையைக் கீழ் முனையிலிருந்து அவிழ்த்துக்கொண்டு வாருங்கள். மேல் முனையை முதலில் விட்டால் துணி காற்றோடு போய் யார் வீட்டுக் கூரையிலாவது விழும். கம்பு தந்தவருக்குக் கம்பையும், கயிறு கட்டித் தந்தவருக்குக் கயிற்றையும் அன்றிரவே கொடுத்துவிடுங்கள். விடியுமுன் அவர்களுக்குத் தொழில் இருக்கும்.